நாற்பத்தேழாம் பக்கத்து விடை

டுடோரியல் காலேஜில் கணக்கு நடத்துவது, இன்னொருவர் தீய்த்து வைத்த பாத்திரத்தில் பால் காய்ச்சுவது போன்ற தொழில். பத்திரிகை வேலைக்கு வருமுன் ஐந்து வருஷம், திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் நான் அந்தப் பாலைக் காய்ச்சினேன். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்த சமயம். அதே தொழிலில் இருந்தவர்கள், அதே மாதிரி மாடிப்படி ஏறிப் படித்தவர்கள், அப்படிப் படித்தவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள் எல்லோரும் என் சக பாவிகள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டம் போட்ட வரி

கால்குலஸில் இண்டெக்ரேஷன் என்றால் எங்கள் மாணவர்களுக்கு ஒரே ஒரு வரிதான். பிரின்சிபால் எழுதிய கைடில் கட்டம் போட்டு அச்சாகியிருந்தது: 'உள்ளே இருப்பதை வகையிடு, அதனால் வகுத்துவிடு.' அடைப்புக்குறிக்குள் இரண்டு எக்ஸும் மூன்றும் இருந்தால் இது பலிக்கும். உள்ளே இருப்பதை வகையிட்டால் இரண்டு என்ற வெறும் எண் கிடைக்கும். எண்ணால் வகுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அடைப்புக்குறிக்குள் எக்ஸ் வர்க்கம் வந்துவிட்டால் கதை வேறு. வகுக்கும் பொருளிலேயே எக்ஸ் ஒட்டிக்கொண்டு வரும். அப்போது அந்த வரியை நம்பினவன் கெட்டான்.

வகையிடும்போது வெளியுறையைப் பிரித்து, உள்ளே இருப்பதையும் வகையிட்டுப் பெருக்குகிறோம். இண்டெக்ரேஷன் அதைத் தலைகீழாகச் செய்வது. ஆகவே உள்ளே இருப்பதன் வகையீடு ஏற்கெனவே பக்கத்தில் பெருக்கலாக நின்றால் மட்டுமே ஒரே வரியில் விடை வரும், நிற்காவிட்டால் வேறு வழி தேட வேண்டும் என்று முதல் நாளே மூச்சு முட்ட விளக்கினேன். பாலக்கரைத் தோல் வியாபாரி மகன் ஜமால் முன் பெஞ்சில் இருந்தான். பி.எஸ்ஸி. கணக்குப் பரீட்சைக்கு அவனுக்கு அது மூன்றாவது தடவை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எது பலிக்காதுன்னு காலேஜ்லயே ரெண்டு வருஷம் சொல்லிட்டாங்க சார். பலிக்கிறதை மட்டும் சொல்லுங்க, இல்லேன்னா அத்தா என்னைப் பினாங்குக்குக் கப்பல் ஏத்திடுவாங்க."

இடித்துப் பார்க்கும் வாத்தியார்

சாயங்காலங்களில் ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதி வீடொன்றில் தனி டியூஷன். பையனை விட அவன் தகப்பனார்தான் கவனமாகப் பாடம் கேட்பார். ஊஞ்சலில் உட்கார்ந்து, நான் எத்தனை கணக்குப் போடுகிறேன் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.

இண்டெக்ரேஷனில் ஒரு சௌகரியம் உண்டு. வேறு எந்தப் பாடத்திலும் அது கிடையாது. வந்த விடையை வகையிட்டால் கேட்ட கேள்வி திரும்பி வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் தப்பு. வாத்தியாரும் வேண்டாம், கைடும் வேண்டாம். ஒவ்வொரு கணக்கையும் இப்படித் திருப்பிப் பார்க்க வைத்ததால் ஒரு மணி நேரத்தில் நாலு கணக்குதான் ஆயிற்று. தகப்பனார் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். அடுத்த வாரம் முதல் வர வேண்டாம் என்பதை அவர் சொன்ன விதம் இது: "கிருஹம் கட்டினா குடி போகணும் ஸார். சரியாக் கட்டியிருக்கோமான்னு இடிச்சுப் பார்க்கிறவரை நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

வாஷர்

மாலை வகுப்பில் ஒரு தொழிற்சாலை ஃபிட்டர் சேர்ந்தார். பெயர் சவரிமுத்து, எடமலைப்பட்டி புதூர்க்காரர். வயது முப்பத்தொன்பது. எனக்கு அப்போது இருபத்தைந்து. பாரம் தூக்கும்போது அவருக்கு இடது தோள் விலகிவிட்டது. இனிமேல் கனமான வேலை கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இலாகா பரீட்சையில் தேறினால், மெஷினுக்கும் பாரந்தூக்கிக்கும் வரைபடம் போடுகிற டிராயிங் ஆபீசில் நாற்காலி; தேறாவிட்டால் வாசல் கேட்டில் ஸ்டூல். நாற்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுத முடியாது. ஆகவே அவருக்கு இதுதான் முதலும் கடைசியும். அந்தப் பரீட்சைக்கு வினாத்தாள் எடுத்து, விடைத்தாள் திருத்துகிறவர் எங்கள் பிரின்சிபால். இது ஊருக்கே தெரிந்த ரகசியம். எங்கள் மாடியில் கூட்டம் சேர்ந்ததே அதனால்தான்.

உள்ளே இருப்பதன் வகையீடு பக்கத்தில் நிற்காவிட்டால் ஏன் நாமாக வகுத்துக்கொள்ளக் கூடாது என்று பி.எஸ்ஸி. தவறிய பதினெட்டு பேருக்கு நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் தலையிலும் ஏறவில்லை. சவரிமுத்து இரண்டாம் நாளே பின் பெஞ்சிலிருந்து எழுந்து, அவர்களுக்குச் சொன்னார்: "மெஷினைக் கழட்டறப்ப வாஷர் வரலேன்னா, வாஷர் போடாமதான் மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம் தம்பிகளா. நம்ம பையிலேருந்து ஒண்ணை எடுத்து வச்சுட்டு, வந்துச்சுன்னு சொல்லக் கூடாது."

மூன்று பதிப்பு

அவருக்கு ஒரு பழக்கம். கைடில் அச்சான விடைகளையும் விடாமல் வகையிட்டுப் பார்ப்பார். நாற்பத்தேழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். எக்ஸ் வர்க்கமும் ஒன்றும் சேர்ந்ததன் வர்க்கமூலம். அதை இண்டெக்ரேட் செய்ய வேண்டும். சரியான விடையில் லாகரிதம் வரும். கைடில் லாகரிதத்தின் வாடையே இல்லை. கட்டம் போட்ட வரிப்படி, உள்ளே இருப்பதை வகையிட்டு வகுத்து, மூன்றே வரியில் முடித்திருந்தார் பிரின்சிபால். அதை வகையிட்டால் கேள்வி திரும்பி வருகிறது. கூடவே ஒரு வாலும் வருகிறது. "இந்த வால் எங்கேருந்து சார் வந்துச்சு?" என்று நோட்டை நீட்டினார் சவரிமுத்து.

நோட்டை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் பளிச்சென்று திருமண், சட்டைப்பையில் இரண்டு பேனா. எதிலும் பதறாதவர். நோட்டைத் திறக்கவில்லை. கைடின் முதல் பக்கத்தை மட்டும் திருப்பி என் முன்னால் வைத்தார். "மூணாம் பதிப்புன்னு போட்டிருக்கா, இல்லையா? தப்பா இருந்தா மூணு பதிப்பு வருமா ஓய்?"

என் ஆலோசனை

பரீட்சைக்கு முந்தின வாரம் பிரின்சிபால் மாலை வகுப்புக்குத் தானே வந்தார். நாற்பத்தேழாம் பக்கத்துக் கணக்கைப் போர்டில் எழுதி, "இது முக்கியம்" என்று இரண்டு கோடு போட்டுவிட்டுப் போனார். வினாத்தாள் எடுத்தவர் முக்கியம் என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

அன்று நான் செய்த காரியத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. சவரிமுத்துவைப் படிக்கட்டில் தனியாக நிறுத்தி, கைடில் இருக்கிற மாதிரியே எழுதிவிடுங்கள் என்றேன். சரியான விடையை எழுதினால் பிரின்சிபால் தப்பென்று அடித்துவிடுவார், உங்களுக்குத் தோளும் இல்லை வயதும் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார்: "பொருந்தாததைப் பொருந்துதுன்னு கையெழுத்துப் போட்டா எங்க ஷாப்புல சஸ்பெண்ட் பண்ணுவாங்க சார். உங்க ஷாப்புல பாஸா?"

சிவப்பு மை

கணக்கு வந்தது. நாற்பத்தேழாம் பக்கம், ஒரு எழுத்து மாறாமல். விடைத்தாள் கட்டு எங்கள் மாடிக்கு வந்து, பிரின்சிபால் திருத்தி முடித்ததும், மார்க்கைக் கூட்டிப் பார்க்கும் வேலை எனக்கு. தாளில் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் அச்சடித்தது போன்ற அந்தத் தனித்தனி எழுத்து எனக்குத் தெரியும்.

சவரிமுத்து கைடு விடையை எழுதி, 'புத்தகத்தின்படி விடை' என்று தலைப்பும் கொடுத்து, சுற்றிக் கட்டம் போட்டிருந்தார். அதற்குக் கீழே 'சரிபார்த்தல்' என்று இன்னொரு தலைப்பு. விடையை வகையிட்டு, வாலைத் தனியே பிரித்து அடிக்கோடிட்டு, 'எனவே மேற்கண்ட விடை தவறு' என்று எழுதி, அதற்கும் கீழே லாகரிதத்தோடு சரியான விடை. மேலே கட்டத்தின் மீது பெரிய சிவப்பு டிக், முழு மார்க். கீழே சிவப்பு மையின் நிழல்கூடப் படவில்லை. நான் அந்தத் தாளை வெகுநேரம் பிடித்திருப்பதைப் பிரின்சிபால் பார்த்துவிட்டார். "அவனா? விடை கரெக்டா எழுதிட்டு அடியிலே என்னமோ அரைப் பக்கம் கிறுக்கியிருக்கான். நல்லவேளை, நான் அடியிலேயெல்லாம் பார்க்கிறதில்லே."

நானும் கூட்டல் சரி என்று கையெழுத்துப் போட்டு, கட்டை நூலால் கட்டினேன்.

டிராயிங் ஆபீஸ்

அந்த வருஷம் ஜமால் கப்பல் ஏறினான். சவரிமுத்து தேறினார். உத்தரவு கைக்கு வந்த அன்று, இஸ்திரி போட்ட சட்டையோடு மாடிக்கு வந்து ஒரு சீப்பு பூவன் பழத்தை மேஜை மேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "கீழே எழுதினதைப் படிச்சாரா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். கைடு நாலாம் பதிப்பு அச்சுக்குப் போயிருப்பதையும் சொன்னேன்.

அவர் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பரீட்சையைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் யோசித்தது அதுவல்ல. "எனக்கு முன்னாடி இவருகிட்ட பாஸ் பண்ணவங்கதானே சார் அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்காங்க?" என்றார். ஆமாம் என்றேன். விலகிய தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "அப்ப அவங்க வரைஞ்ச டிராயிங்கை நம்பித்தான் நான் பதினெட்டு வருஷமா பாரம் தூக்கியிருக்கேன்!"

அன்றிலிருந்து காவிரிப் பாலத்தை டவுன் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம், அதைக் கட்டியவர்கள் எங்கள் டுடோரியல் திறப்பதற்கு வெகு முன்பே பரீட்சை எழுதி முடித்துவிட்டார்கள் என்ற ஒரே நிம்மதியில்தான் அக்கரை போய்ச் சேருகிறேன்.