எழுபத்தெட்டில் சுற்றிய இசைத்தட்டு

டெல்லி ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் இருக்கும் சேஷுவுக்குப் பிடிக்காதவற்றைச் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. ஐ.என்.ஏ. மார்க்கெட் காப்பிப்பொடியில் தொடங்கி மெட்ரோவில் இடிக்கும் தோள்பை வரைக்கும் போகும். ஆனால் அவர் அடிவயிற்றிலிருந்து அருவருத்தது ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தின் இன்றைய பாடகர்களைத்தான். மனிதர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி, இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் டெனர் என்கிற அந்த உச்சக்குரல் பாடகர்களை கரூஸோ முதல் நேற்று முளைத்தவன் வரை தரம் பிரித்து வைத்திருந்தார். பவரோட்டி வரைக்கும் போனால் போகிறதென்று விட்டுவிடுவார். அப்புறம் வந்ததெல்லாம் குப்பை. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு போட்டோவுக்கு நிற்கிறான்கள், மைக் இல்லையென்றால் முன்வரிசைக்கே கேட்காது, கர்மம் கர்மம் என்று காதைப் பொத்திக்கொள்வார்.

எல்லாரையும் அவர் அளந்தது ஒரே ஓர் இசைத்தட்டை வைத்து. இருபது வருஷத்துக்கு முன் பழைய டெல்லி நடைபாதையில், சாவி கொடுக்கும் கிராமபோனோடு சேர்த்து வாங்கியது. பாடியவர் கரூஸோ காலத்து ஆள். லேபிள் கிழிந்து பெயர் போய்விட்டது. சேஷு அவரைப் ‘பெரியவர்’ என்பார். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று ஓடும் தட்டில் பெரியவரின் குரல் உச்சியில் ஏறிக் கத்தி மாதிரி நிற்கும். சேஷுவுக்குக் கண் கலங்கிவிடும்.

அவர் மனைவி வத்சலா, குடியிருப்புக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பவள். ஒருநாள் சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, “ஏன்னா, இந்தத் தட்டு அரைக் கட்டை ஏறி ஓடறது. நம்ம பிள்ளையோட பாட்டுப் புஸ்தகத்துல இருக்கற சுருதி இது இல்லை” என்றாள். சேஷு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அச்சடித்த புத்தகமெல்லாம் இந்தக் காலத்துச் சோம்பேறிகளுக்காக இறக்கி எழுதியது, வெள்ளைக்காரன் சங்கீதத்தில் உனக்கென்ன வேலை என்று வாயை அடைத்துவிட்டார்.

அவர்கள் மகன் ஷங்கருக்கும் டெனர் குரல்தான். குர்காவ் கம்பெனி வேலைக்கு நடுவே சாணக்யபுரியில் ஒரு வெளிநாட்டு அம்மாளிடம் ஏழு வருஷம் கற்றுக்கொண்டான். இத்தாலியில் ஓராண்டுப் பயிற்சிக்கு டெல்லியில் தேர்வு வைத்தார்கள். வயது வரம்பு முப்பது. ஷங்கருக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது. இதை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை. பாட வேண்டியதும் பெரியவர் பாடிய அதே பாட்டு.

வீட்டில் அவன் புத்தகச் சுருதியில் பாடிப் பார்ப்பான். சேஷுவின் முகம் சாக்கடையை மிதித்தது போல் ஆகிவிடும். “நாலு பேர் முன்னாடி இதையா பாடப்போறே? குமட்டறது” என்பார். பெற்ற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது! ஷங்கர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான்.

தேர்வு நாளில் சேஷு இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். ஷங்கர் அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பியானோக்காரரிடம் குனிந்து, அரைக் கட்டை ஏற்றி வாசிக்கச் சொன்னான். அவனுடைய சாணக்யபுரி ஆசிரியை திடுக்கிட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினாள், அவன் கவனிக்கவில்லை. முதல் பாதி நன்றாகத்தான் போனது. உச்சியைத் தொட்டதும் குரல் பிளந்து, காற்றும் கரகரப்புமாக நின்றுவிட்டது. சேஷு எழுந்தார். பிள்ளை மேடையிலிருந்து இறங்கும் வரைகூட இருக்காமல், சே என்று வெளியே நடந்தார். டாக்டர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, ரத்தம் கட்டியிருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது என்றார். இத்தாலி போயிற்று.

அந்த வாரமே கிராமபோனின் ஸ்பிரிங் அறுந்தது. சேஷு அதைத் தூக்கிக்கொண்டு லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனார். ரிப்பேர்காரர் ஸ்பிரிங்கை மாற்றினார், தட்டைப் போட்டுக் கேட்டார், சிரித்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வேகத்தில் பதிவு செய்தது சாப், இதை எழுபத்தெட்டில் ஓட்டினால் மனுஷக் குரலாகவா இருக்கும் என்று இந்தியில் சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை எழுபத்துநாலுக்கு இறக்கினார்.

பெரியவர் இறங்கி வந்தார். கத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல குரல், ஆனால் மனுஷக் குரல். உச்சிக்கு முன்னால் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது. ஷங்கர் வீட்டில் பாடிய உயரம்தான் அது. சேஷு இருபது வருஷம் ஒரு திருகைக் கும்பிட்டிருக்கிறார், உயிருள்ள தொண்டைகளையெல்லாம் காறித் துப்பியிருக்கிறார். தன் மேலேயே அப்படி ஓர் அருவருப்பு வந்தது. கூலியைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் ஷங்கர் கட்டிலில் படுத்திருந்தான். சேஷு ரிப்பேர்காரர் சொன்னதை அப்படியே சொன்னார். “தப்பு என்னோடதுடா. நீ புஸ்தகத்துல இருந்தபடி பாடியிருந்தாலே போதும்.”

ஷங்கரால் பேசமுடியாது. தமிழ் எழுதவும் வராது. போனில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக் காட்டினான். தெரியும்பா, அம்மா அப்பவே சொன்னா, எங்க டீச்சரும் அதான் சொன்னா என்று இருந்தது.

“தெரிஞ்சுமா ஏத்திப் பாடினே?”

அவன் ஏதோ அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். போனை அப்பாவிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

‘உனக்கு ஒரு தடவையாவது என் பாட்டு பிடிக்கணும்னுதான்.’