டயர் கடைக்கு ஒரு கும்பிடு

தினமும் காலை ஏழே முக்காலுக்கு, ஒரே வளைவில், நான் ஓட்டும் ரொட்டி வேன் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. 'டிங்' என்று ஒரு மணி, பிறகு 'சாலையைக் கவனிக்கவும்' என்று ஒரு பெண்குரல். இங்கிலாந்துக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் என் மனைவியைத் தவிர இவ்வளவு நேரம் தவறாமல் என்னைத் திட்டியவர் வேறு யாருமில்லை. முன்கண்ணாடிக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா இருக்கிறது. ரோட்டைப் பார்க்கத்தான் அது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதன் இன்னொரு கண் என்னைப் பார்க்கிறது. கொட்டாவி விட்டாலும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் பதிவாகி ஆபீசுக்குப் போய்விடும். யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டால், சேர்ந்த அன்று நான் கையெழுத்துப் போட்ட நாற்பது பக்கத்தில் எல்லாம் இருக்கிறதாம். நாற்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட தமிழர் யாராவது இருந்தால் எனக்குத் தெரிவிக்கவும்.

இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் வண்டிச் சாவியை வாங்கிவிடுவார்கள். நர்ஸ் வேலைக்கு வந்த மனைவியின் பின்னால் வந்தவன் நான். ஒரு வருடம் வீட்டில் பருப்பு வேகவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகு கிடைத்த வேலை இது. அதனால் மேனேஜர் டெரிக் கூப்பிட்டதும் ரொட்டித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

அவர் படத்தை ஓட்டிக் காட்டினார். திரையில் என் முகம். வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து, நெஞ்சைத் தொட்டு, உதட்டைத் தொட்டு இறங்குகிறது. தலை லேசாகக் குனிகிறது. இருபத்து மூன்று நாள் காலையிலும் இதே கதை. பிறகு ரோட்டைப் பார்க்கும் கண்ணின் படத்தைப் போட்டார். அங்கே ஒரு டயர் கடை, வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பழைய டயர்கள்.

"உங்கள் மதத்தில் டயரை வணங்குவீர்களா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயுத பூஜை அன்று டயருக்குச் சந்தனம் பூசி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது ஞாபகம் வந்து தொலைத்தது. "வருடத்துக்கு ஒரு நாள்தான்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. ஐயரும் மந்திரமும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டதுதான் என் கல்யாணம். இந்தக் கும்பிடு விழுப்புரம் டாக்ஸி ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டது. திண்டிவனத்துக்கு முன்னால் பஞ்சர் கடையில் டயர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தாண்டியதும் அம்மன் கோயில். என்னோடு வண்டி ஓட்டிய கோட்டக்குப்பத்துக் காசிம் முதல் வாரமே சொல்லிவிட்டான். "உன் கொள்கைய உன் பாக்கெட்ல வெச்சிக்கோ. பின்னாடி சவாரி கண்ணாடியில பாத்துக்கினே வருது. டிரைவரு கும்புடலன்னா அவங்களுக்கு பயமா இருக்குமில்ல?" அவனும் அங்கே கையை நெற்றிக்குக் கொண்டுபோவான். அது சலாமா கும்பிடா என்று எந்தச் சவாரியும் கேட்டதில்லை. பத்து வருடத்தில் டயரைக் கண்டாலே என் கை எழப் பழகிவிட்டது. எனக்கே தெரியாத இந்தச் சங்கதி கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டைப் பையில் யாரோ கை விட்டதுபோல எனக்குக் கூச்சமாகவும் கோபமாகவும் இருந்தது.

டெரிக் ஒரு படிவம் நீட்டினார். மத வழிபாடு என்றால் கம்பெனி மதிக்கும், வெறும் பழக்கம் என்றால் மூன்றாவது கடிதம். பருப்பு குக்கர் கண்முன் வந்து போனது. 'வழிபாடு' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். 'தெய்வம்' என்ற இடத்தில் 'அம்மன், திண்டிவனம்' என்று எழுதினேன். வேலை தப்பியது, ஒரே ஒரு நிபந்தனையோடு. ஓடும் வண்டியில் கும்பிடக் கூடாது. வண்டியை ஓரங்கட்டி, இரண்டு நிமிடம் நிதானமாகக் கும்பிட வேண்டும். அதுவும் பதிவாகும்.

இப்போது தினமும் டயர் கடை வாசலில் வேனை நிறுத்தித் தலை குனிந்து உட்காருகிறேன். கடைக்காரர் கையசைக்கிறார். மனைவியிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "உங்கம்மா கெஞ்சினப்பகூட கோயிலுக்கு வரல. இங்க வந்து டயருக்கு விரதமா?" என்றாள்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். காசிம் தன் காரை என்னிடம் கொடுத்து ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்சீட்டில் திண்டிவனம் போகும் ஒரு அம்மாவும் அவர் மகளும். டயர் அடுக்கு தெரிந்ததும் என் இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டன. ஓரங்கட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

"கும்புடுடா, கண்ணாடியில பாக்கறாங்க" என்று காசிம் முணுமுணுத்தான்.

கை எழுந்து நெஞ்சைத் தொட்டு, உதட்டைத் தொட்டு இறங்கியது. உடனே, கேமரா எதுவும் இல்லாத முன்கண்ணாடியின் உச்சியை அண்ணாந்து பார்த்து, "சாரி" என்றேன்.

பின்சீட்டு அம்மா மகளிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம், அம்மன்கிட்ட இன்னா தப்பு பண்ணிட்டு வந்தாரோ."