சேவ் ஆகாத ஸ்கேன்கள்

அப்பா கனகசபாபதி இறந்து எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே கீர்த்தனி வேலைக்கு வந்துவிட்டாள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். எட்டு நாளும் அவளுக்கு அழுகை வரவில்லை. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையே பிள்ளை" என்று சித்தி கேட்டும்விட்டாள்.

உரிமையாளர் ஜெய்னுலாபுதீன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஒரு ஸ்கேன் சேவ் ஆக பத்து நிமிசம் ஆகுதும்மா. ஆளுக வாசல் வரைக்கும் நிக்கிறாக. டிஸ்க் எல்லாத்தையும் மாத்தணும்னு மெஷின் வித்தவன் சொல்றான்."

"பார்க்கிறன் பாய்."

ஸ்கேன்களைச் சேமிக்கும் பெட்டியில் ஆறு டிஸ்க்குகள். ஆறிலும் பச்சை விளக்கு. பழைய படங்களைத் திறந்தாள், உடனே வந்தன. புதிதாக எழுதும்போதுதான் இழுத்தது. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எதிலும் பழுதில்லை. பிறகு அவற்றை இயக்கும் கார்டின் பதிவுகளைப் பார்த்தாள். அவள் விடுப்பிலிருந்த மூன்றாம் நாளில் கார்டின் பேட்டரி செத்திருந்தது.

வருவதைத் தன் நினைவகத்தில் சட்டென்று வாங்கிக்கொண்டு, பிறகு டிஸ்க்குகளில் எழுதுவது அந்தக் கார்டின் வழக்கம். கரண்டு போனால் நினைவகத்தில் இருப்பதைக் காப்பாற்றுவது பேட்டரிதான். அது இல்லாததால் கார்டு ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அடுத்ததை வாங்கியது.

"பேட்டரி இல்லாமலே பழையபடி ஓட விட முடியாதா?" என்று கேட்டார் ஜெய்னுலாபுதீன்.

"முடியும். கரண்டு போனால் யாரோ ஒராளின்ர ஸ்கேன் காணாமப் போயிடும்."

"யுபிஎஸ் இருக்குல்ல?"

"அது ரெண்டு நிமிசம்கூடத் தாங்காது பாய். நான் செய்ய மாட்டன்."

அவள் குரல் உயரவில்லை. அவர் மதுரைக்குப் போன் போட்டுப் புதுப் பேட்டரி கேட்டார்.

சாயங்காலம் பேட்டரி பஸ்ஸில் வந்தது. பெட்டியை நிறுத்தி மாற்றினாள். அது சார்ஜ் ஏறியதும் அடுத்த ஸ்கேன் இருபது நொடியில் சேவ் ஆனது.

"அல்ஹம்துலில்லாஹ்! நல்லவேளை நீ வந்தம்மா."

தலையாட்டினாள். சந்தோஷமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாம்பன் கருவாட்டு வியாபாரி வெள்ளையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கும் பழக்கமானவள். "அய்யா எப்படி இருக்காக ஆத்தா?"

"இருக்கிறார்" என்றாள் கீர்த்தனி.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியவில்லை. திருத்தவும் இல்லை. வெள்ளையம்மாள் நெத்திலி வரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். முகாம் நிறுத்தம் வந்ததும், "வாறன் அக்கா" என்று கீர்த்தனி இறங்கினாள்.