சத்தமில்லாமல் வந்த தண்ணீர்

லாரியில் இருந்த புது மோட்டாரின் மேல் கையை வைத்து, "இதை இறக்க வேண்டாம்" என்று ஓவர்சியர் மேடம் சொன்ன காலைப்பொழுது இன்னும் என் கண்முன் நிற்கிறது. எண்பதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கு மணக்கும் கிடங்குகளுக்கு நடுவே இருந்த பம்புசெட் கடையில் எனக்கு விற்பனை வேலை. பெரியாற்றங்கரையில் விவசாயிகள் சங்கமாகக் கூடி நடத்திய பம்பு நிலையத்துக்கு அந்த மோட்டாரைக் கொண்டுபோயிருந்தேன். கடைமடையில் நெல் பூத்து நின்றது, தண்ணீர் எட்டவில்லை. பழைய மோட்டாருக்கு வலு போதாது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். விற்கும் அவசரத்தில் நானும் ஆமாம் போட்டிருந்தேன்.

பாசனத் துறையிலிருந்து வந்த மேடம் பாலக்காட்டுக்காரர், என்னைவிட இளையவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஆற்றிலிருந்து வந்த குழாய், வாய்க்காலுக்கு மேலே ஓர் ஆள் உயரம் நிமிர்ந்து அருவிபோல் கொட்டியது. ஊருக்கே அது பெருமை. மேடம் அதைக் காட்டி, "பாக்க அழகுதான். ஆனா வீணா அத்தனை உயரம் தூக்கறதுக்கும் கரண்டு வேணுமே? வாய்க்கா மட்டத்துல அறுத்துடுங்கோ. சாயங்காலத்துக்குள்ள கடைசி வயலுக்குத் தண்ணி போகலைன்னா, மோட்டாரை இறக்க நானே ஒரு கை பிடிக்கறேன்" என்றார்.

பம்பை நிறுத்திவிட்டு அறுத்தேன். கை கொப்பளித்தது. ஆற்றுக்குள் குழாயின் வாயை அடைத்திருந்த பாசியையும் சாக்குத் துணியையும் இரண்டு பேர் முங்கி எடுத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஓசையே இல்லாமல் வாய்க்காலில் வழிந்தது. சங்கத் தலைவரின் முகம் தொங்கிப்போனது. "சத்தம் இல்லாத்த வெள்ளமோ?" என்றார். மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரோடு வரப்பில் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். எப்போதும் தண்ணீர் நின்றுவிடும் தென்னையைத் தாண்டியும் அது போனது. எங்களுக்கு வேகம் கூடியது. தலைவர் வேட்டியை மடித்துக்கட்டி ஓடவே தொடங்கினார். கடைசி வயல்காரியின் குரல் தூரத்தில் கேட்டது: "வெள்ளம் வந்நூ!" மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். அன்றைக்குத் தமிழ்ப் பொருளிலும் அது எனக்குச் சரியாகவே பட்டது. மேடம் சேற்றில் நின்று சின்னப் பெண்போலக் கைதட்டிச் சிரித்தார்.

திரும்பி வந்த மோட்டாரைப் பார்த்த முதலாளி, "விக்கப் போனியா, மோட்டாருக்கு ஊரைச் சுத்திக் காட்டப் போனியா?" என்று கத்தினார். அடுத்த வாரம் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஆட்கள் கடைக்கு வந்தார்கள். மோட்டார் ஒருவரும் கேட்கவில்லை. முதலாளியிடம் அவர்கள் கேட்டது ஒன்றுதான்:

"பைப்பு அறுக்குந்ந ஆ தமிழன் எவிடெ?"