பொம்மை டீச்சர் மறைத்த இரண்டாவது பொம்மை

என் மூத்த மகள் சரியாகத்தான் பார்த்தாள். அதைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட்டார் பொம்மை டீச்சர். மூன்று வருஷமாக எனக்கு அந்த வயிற்றெரிச்சல்.

கைக்குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்கிற இடத்தில் அவருக்கு வேலை. ஐந்து மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குட்டி மேடைக்கு எதிரே உட்கார வேண்டும். மேடையில் ஒரு பொம்மை இருக்கும். அதை மறைத்துத் திரை எழும்பும். பிள்ளை பார்க்கப் பார்க்க இன்னொரு பொம்மையும் திரைக்குப் பின்னால் போகும். திரை இறங்கினால் ஒன்றுதான் நிற்கும். மற்றதை டீச்சர் பின்பக்கமாக உருவியிருப்பார். பிள்ளை 'என்னடா இது' என்று வெறித்துப் பார்த்தால், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று அதற்கு அப்போதே தெரியுமாம்.

பெற்றவன் ஜாடை காட்டக் கூடாது என்று எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். கண்ணை மூடினார்கள், சரி. வெல்டிங் பட்டறைக்காரன் கால் சும்மா இருக்குமா? முழங்கால் லேசாக ஆடிவிட்டது. மகள் வெறித்துப் பார்த்தாள் என்று டீச்சரே சொன்னார்; ஆனால் நான் ஆடியதால் அது கணக்கில் சேராதாம்.

"பதினாறாயிரம் நாள் தாண்டின ஆளுண்ணே நீங்க! ரெண்டு நிமிஷம் சும்மா உட்கார முடியாதா?"

டீச்சருக்கு வயது என்றால் நாள் கணக்குதான். "எங்க வீட்டுக்காரருக்குப் பதினாலாயிரம் முடிஞ்சிருச்சு. இன்னும் சாக்ஸ் எங்கன்னு என்னைத்தான் கேக்குறாரு" என்பார். கையில் வளையல் கிடையாது, பூப்போட்ட துணி உடுத்துவது கிடையாது. பிள்ளை பொம்மையை விட்டுவிட்டு அதைப் பார்க்குமாம். எச்சில் பட்ட பொம்மைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, காதில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடுவார். "பொறுத்துக்கடா, வேற வழியில்ல" என்று ஒவ்வொன்றிடமும் சமாதானம் வேறு.

போன வாரம் இளையவனுக்காக அவரே போன் செய்தார்.

"ஒரே ஒரு பிள்ளை குறையுதுண்ணே. இவன் சேர்ந்தா மூணு வருஷ வேலை முடிஞ்சிரும். நாளையோட இவனுக்கு வயசும் தாண்டிடும்."

"நான் கோபத்துல இருக்கேன்மா."

"கோபத்தோடயே வாங்க. காலை மட்டும் வீட்ல வச்சிட்டு வாங்க."

போனேன். கண்ணாடிக்குள் கும்மிருட்டு. மூக்கு அரித்தது, சொறியவில்லை. கால் மரத்தது, அசையவில்லை. துள்ளிக்கொண்டிருந்த பயல் திடீரென்று அடங்கிப்போனான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் நெஞ்சு அடிப்பது அவனுக்குக் கேட்டு அதுவும் ஜாடையாகிவிடுமோ என்று பயந்தேன்.

மேடைக்கு அடியிலிருந்து டீச்சர் தவழ்ந்து வந்தார், தலையெல்லாம் தூசி.

"சேர்த்தாச்சுண்ணே! இவனோட முடிஞ்சுது!"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே ஓடி வந்து, மேடையில் நின்றது, பின்னால் உருவியது என்று அந்த இரண்டு பொம்மைகளையும் என் சட்டைப்பையில் திணித்தார்.

"வீட்டுக்குப் போனதும் ஒரு துண்டுக்குப் பின்னால ரெண்டையும் ஒளிச்சு வைங்க. அப்புறம் ரெண்டையுமே எடுத்துக் காட்டிடுங்கண்ணே. பாவம், பிள்ளையை ஏமாத்திட்டேன்."