ஆழமில்லடா

கேரளத்துக் கல்லாற்றங்கரைச் சாயாக்கடை வாசலில், கூண்டுக்குள் ஒரு பஞ்சவர்ணக்கிளி. அமேசான் காட்டுப் பறவை; இந்தப் பனிமூட்டத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாத நீலமும் மஞ்சளும். ஆற்றில் கால் நனைக்கலாமென்று செருப்பைக் கழற்றுகிறேன்.

"ஆழமில்லடா, எறங்குடா!" என்கிறது கிளி. உற்சாகமான இளைஞனின் குரல்.

"யாரும்மா பழக்கினது?" என்று கடைக்காரம்மாவிடம் கேட்கிறேன்.

செங்கோட்டைக்காரர் அவர். "யாரும் பழக்கல சாரே. போன மழைக்குக் குளிக்க வந்த பையன், கரையில நின்ன கூட்டாளியக் கூப்பிட்டான். ரெண்டு பேருமே ஏறி வரல."

செருப்பை மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.

சாலையில் ஒரு தமிழ்நாட்டு வேன் வந்து நிற்கிறது. அவர் ஓடிப்போய்க் கூண்டைச் சாக்கால் மூடுகிறார். சாக்குக்குள்ளிருந்து அதே குரல்: "ஆழமில்லடா, எறங்குடா!"

வேனுக்குள் யாரோ ஒருவன் சிரிக்கிறான்.

"இதோ வர்றேண்டா!"