வளைவில் நின்ற அலுமாரி

பொரித்த சூடை மீனின் மணமும் சாக்கடைக் கான் நாற்றமும் கலந்து கிடக்கும் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் ஒரு சனிக்கிழமை புது வார்னிஷ் வாசம் நுழைந்தது. அதன் பின்னால், ஆறு பேரின் தோளில் மல்லாந்து படுத்தபடி, ஆளுயரக் கண்ணாடி பதித்த ஒரு தேக்கு அலுமாரி வந்தது. வேலியோர மரத்தில் ஏறி இருந்த எனக்கு, இரு பக்கத்துக் கூரைத் தகரங்களும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தலைகளும் அந்தக் கண்ணாடிக்குள் நகர்ந்து போவது தெரிந்தது. பதினெட்டுத் தலைகள் வரை எண்ணினேன், பிறகு கணக்குப் பிழைத்துவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர்களும் கச்சேரி என்ற அரச அலுவலகத்து எழுதுவினைஞர்களும் சிறு கடைக்காரரும் நெருக்கியடித்துக் குடியிருந்த ஒழுங்கை அது. பதினான்கு வீடுகள், மூன்று கிணறுகள். ஒரு வீட்டில் தும்மினால் நான்கு வீடுகளில் கேட்கும். ஆனாலும் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போவதில்லை. நல்லது கெட்டது எல்லாம் வேலிக் கதவடியில் நின்று பேசும் "படலைக் கதை"யோடு முடிந்துவிடும். அதனால் அயலவரின் வீடுகளை நான் காதால் மட்டுமே அறிந்திருந்தேன். ஒழுங்கை வளைகிற இடத்தில் இருந்த மரியாம்பிள்ளை மாமா வீட்டிலிருந்து பின்னேரங்களில் கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் வரும். கிணற்றுக் கப்பி என்று ஒருமுறையும் தையல் மெஷின் என்று மறுமுறையும் முடிவுகட்டி, இரண்டும் பொருந்தாமல் கைவிட்டிருந்தேன்.

அலுமாரி கடைசி வீட்டுக்குரியது. அந்த வீட்டுச் சின்னத்தம்பி மாமாவின் மகள் பூமணி அக்காவுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார்; அவருக்கென்று ஒதுக்கிய அறையில் கண்ணாடி வைத்த அலுமாரி நிற்கவேண்டும் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லியிருந்தார். அன்று பின்னேரமே அறையைப் பார்க்க வருவதாகவும் இருந்தது. முன்பு ஒரு சம்பந்தம் இப்படிச் சாமான் குறைவில் நின்றுபோனது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அதன் பிறகு பூமணி அக்கா பல மாதம் படலைப் பக்கமே வரவில்லை.

கிண்ணியாவில் செய்த அலுமாரி, "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடல்வாயைக் கடந்து, லொறியில் ஏறி, ஒரு கீறலும் இல்லாமல் வந்து, எங்கள் வளைவில் திரும்ப மறுத்தது. சரித்துப் பார்த்தார்கள், வேலி தடுத்தது. நிமிர்த்திப் பார்த்தார்கள், கூரைத் தகரம் தடுத்தது.

"ஒழுங்கை வாயையும் அளந்தனான், வீட்டுக் கதவையும் அளந்தனான்," என்றார் அதைச் செய்த தச்சர் ஹனிபா காக்கா. "நடுவில ஒழுங்கை மெலிஞ்சிருக்குமெண்டு ஆர் கண்டது?"

நாலைந்து பேர் சாண் வைத்து அளக்கத் தொடங்கினார்கள். "நாங்கள் ஒருத்தரும் வேலியை ஒழுங்கைப் பக்கம் அரக்கேல்ல," என்றார் என் தகப்பனார், யாரும் கேளாமலே.

"ஓம், வேலிக்குக் கால் முளைச்சுத் தானா நடந்தது," என்றார் அம்மா. அதன் பிறகு ஒருவரும் அளக்கவில்லை.

துறைமுகப் பக்கம் வானம் கறுத்து வந்தது. வார்னிஷ் இன்னும் காயவில்லை. சின்னத்தம்பி மாமா தோள் துவாயைக் கண்ணாடிமேல் விரித்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். இருந்த வழி ஒன்றுதான்: மரியாம்பிள்ளை மாமா வீட்டு முன்கதவு வளைவுக்கு இந்தப் பக்கம், சமையற்கட்டின் குசினிக் கதவு அந்தப் பக்கம். ஆனால் கான் தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்ற சண்டையில் அவரும் சின்னத்தம்பி மாமாவும் பேச்சை விட்டு ஏழு வருடம். அதனால் அந்த வழியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கதவைத் தானாகத் திறந்தவர் மரியாம்பிள்ளை மாமாவின் மனைவி ரீத்தா மாமி. சின்னத்தம்பி மாமாவைப் பாராமல் தச்சரைப் பார்த்துச் சொன்னார்: "காக்கா, மழை வருகுது. தூக்கிறவை காலைக் கழுவிப்போட்டு இதுக்குள்ளால வரட்டும்."

"உங்கட அவர் டொக்யாட் வேலையால வந்தா என்ன சொல்லுவாரோ, தங்கச்சி?"

"வந்தா அவரும் காலைக் கழுவட்டும்."

ஒரு மூலையைப் பிடிப்பதுபோல நானும் உள்ளே புகுந்தேன். நடு அறையில் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஏழு கதிரைகள். குறுக்கே இரண்டு இரும்புக் கொழுக்கிகளில் கட்டிய, ஆள் படுக்கும் கன்வஸ் தொட்டில். கப்பல்காரர் கழித்து எறிந்ததாம். கட்டிலில் மாமாவுக்கு நித்திரை வராதாம். மாமி அதை அவிழ்க்கும்போது கொழுக்கி அதே சத்தத்தில் கிறீச் என்றது.

"இவ்வளவு மீசையோட தொட்டில்லயோ," என்று தூக்கியவர்களில் ஒருவர் சிரித்ததில் அலுமாரி ஆடிப்போயிற்று.

குசினிக் கதவில் மறுபடி சிக்கியது. உயரம் குறைந்த அந்தக் கதவு நிலைக்குள் அது நுழைய இரண்டு விரல் இடம் போதவில்லை. அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு மரியாம்பிள்ளை மாமா வந்தார். அவருடைய வீட்டை அலுமாரி நிறைத்துக்கொண்டு நின்றது. பின்நுனியில், வியர்வை வழிய, சின்னத்தம்பி மாமா. தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

"ரீத்தா, அலவாங்கு எங்க?"

அந்த இரும்புக் கடப்பாரையால் கண்ணாடி போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அவர் அலவாங்கோடு வெளியால் சுற்றிப்போய், தன் குசினிக் கதவு நிலைக்கடியில் அதைச் செருகினார்.

"நிலை போனா வீடு திறந்தெல்லோ கிடக்கும்," என்றார் ஹனிபா காக்கா.

"கிடக்கட்டும். கறிச்சட்டியையோ களவெடுக்கப் போறாங்கள்?"

நிலை பெயர்ந்து மண் கொட்டியது. மாமா அலவாங்கை எறிந்துவிட்டு முன்நுனியைப் பிடித்தார். "சின்னத்தம்பி, உன்ர பக்கத்தைக் கொஞ்சம் பதி," என்றார். சின்னத்தம்பி மாமா தன் முனையைத் தாழ்த்திப் பதித்தார். மழை வலுக்கமுன் அலுமாரி மாப்பிள்ளை அறைக்குள் நின்றது.

பின்னேரம் மாப்பிள்ளையின் தாயார் அதன் கதவுகளைத் திறந்து மூடி, கண்ணாடியில் தன் கொண்டையையும் சரிசெய்தபின் கேட்டதை யன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் எல்லோரும் கேட்டோம்: "இந்த இடுக்குக்குள்ளால எப்பிடிக் கொண்டுவந்தனீங்கள்?"

"அண்ணன்ர வீட்டுக்குள்ளால," என்றார் சின்னத்தம்பி மாமா.

"உங்களுக்குத் தமையன் இருக்கிறாரெண்டு தரகர் சொல்லேல்லயே."

"தரகருக்குத் தெரியாது," என்றார் அவர். அடுத்த மாதம் கலியாணம் நடந்தது. சின்னத்தம்பி மாமாவுக்குத் தமையன் முறையில் நின்றவர் மரியாம்பிள்ளை மாமா.

அதே ஒழுங்கையில்தான் இன்னமும் இருக்கிறேன். நில அளவையாளர் வந்து வளைவை நேராக்கி, கொங்கிறீற் போட்டாயிற்று. எந்தச் சாமானும் அவரவர் வாசலிலேயே வான் வண்டியில் வந்து இறங்குகிறது; அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலிகள் போய் ஆளுயர மதில்கள் வந்துவிட்டன. இப்போது பத்தொன்பது வீடுகள், பத்தொன்பது இரும்புக் கேற்றுகள். இந்தப் பத்து வருடத்தில் அவற்றில் இரண்டினுள்ளே போயிருக்கிறேன், இரண்டும் செத்தவீடு.